இன்ஜினைப் பார்க்க ஆளில்லை

போன மாதம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கேமரா மாட்டினோம். வாசலில் கிடக்கும் செருப்பை யாரோ எடுத்துப் போகிறார்கள் என்று என் மனைவிக்குச் சந்தேகம். மாட்ட வந்தது ஒரு பெண். சுவரில் ஓட்டை போட்டாள், கேமராவை முடுக்கினாள், அட்டைப் பெட்டியில் இருந்த கட்டம் கட்டமான சதுரத்தை என் போனால் படம் பிடிக்கச் சொன்னாள். "முடிஞ்சுது சார்" என்றாள். அவளுக்காகப் போட்ட டீ இன்னும் ஆறவில்லை.

"ரவுட்டருக்குள்ள போய் ஒண்ணும் மாத்தலையாம்மா? போர்ட் பார்வர்டிங் போடலையா?" என்று கேட்டேன்.

"அப்படின்னா என்ன சார்?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற என் மனைவிக்கு அது போதாதா? "அதைப் போடுதேன்னு சொல்லிட்டுப் போனா எங்க வீட்டுக்காரரு பொழுது சாஞ்சுதான்மா வருவாரு. வந்து, தெருவுல நின்னேன், தெருவுல நின்னேன்னு சொல்லுவாரு. நீ என்னன்னா டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிட்டே" என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் போய்விட்டது, அது வேறு விஷயம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது போன் என்றால் கம்பம், கம்பி, ஏணி. பயிற்சி என்று திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அந்த வகுப்பில் கற்றதில் இன்றைக்கும் மறக்காமல் இருப்பது மதியச் சாப்பாட்டுக்கு வைத்த கூட்டு மட்டும்தான். மற்றதையெல்லாம் தூத்துக்குடி உப்புக்காற்றுதான் சொல்லிக்கொடுத்தது. இங்கே இன்று போட்ட இணைப்பு அடுத்த மழைக்குள் பச்சைக் களிம்பு பூத்துவிடும். ஆணி கரையும், பூட்டு கரையும். பின்னால் கம்பி போய் இணையம் வந்தது. நானும் வேறு கம்பெனிக்கு மாறினேன். ஏணியைக் கீழே வைத்துவிட்டு, வீடு வீடாகப் போய் ரவுட்டர் மாட்டும் ஆளானேன். ஊரில் யாரும் என்னை இணையக்காரர் என்று கூப்பிடவில்லை. கடைசி வரைக்கும் போன்காரர்தான்.

அந்தக் கம்பெனியில் என் மேலதிகாரி ஞானையா சார். வயதில் என்னைவிடச் சின்னவர். தூத்துக்குடியில் பங்குனி மாதம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். அவர் நாற்காலி மெஷின்கள் இருக்கும் அறைக்குள் இருந்தது. மெஷின்களுக்காகப் போட்ட ஏசி, சாருக்காகக் குறையாது. நாங்கள் வேர்வையில் நனைந்து உள்ளே போவோம். அவர் கழுத்துவரை பட்டன் போட்டு, இரண்டு கையையும் கக்கத்தில் சொருகிக்கொண்டு எங்களை வரவேற்பார். ஒருவரையும் திட்டியதில்லை. குரலை உயர்த்தியதில்லை. அவர் பேசுவதைக் கேட்க நாம்தான் குனிய வேண்டும்.

ஆனால் அவரிடம் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. ஒன்று, வாடிக்கையாளர் புகாரை எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுத வேண்டும். நாம் நாகரிகமாக மாற்றக் கூடாது. 'நெட் வருது, ஆனா மனசில்லாம வருது' என்று ஒரு டீச்சரம்மா சொன்னார்கள். அதை 'வேகம் குறைவு' என்று எழுதியவரைக் கூப்பிட்டு, அடித்துத் திருத்தி, மனசில்லாமல் வருகிறது என்றே எழுத வைத்தார் சார்.

இரண்டாவது பிடிவாதம்தான் என் மனைவி கிண்டலடித்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் போர்ட் பார்வர்டிங் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து வளவு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வரிசையாகக் குடித்தனங்கள், வெளியே தெருவுக்கு ஒரே வாசல். ரவுட்டர் என்பது அந்த வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர். உள்ளே இருக்கிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வெளியே போய் வரலாம். வெளியாள் வந்து வாசலில் நின்றால் "யாரு, தெரியாது, போ" என்பதுதான் அவர் வேலை. அப்படியிருக்க, துபாயில் இருக்கும் மகன் தன் வீட்டுக் கேமராவைப் பார்க்க வேண்டும் என்றால், காவல்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்: "இன்ன நம்பரைச் சொல்லி ஒருத்தர் வந்தா, நிறுத்தாதீங்க. நேரா மூணாவது வீட்டுக்கு அனுப்புங்க." அவ்வளவுதான் விஷயம்.

சொல்லத்தான் அவ்வளவு. செய்யும்போது, முதலில் கேமரா படத்தைச் சேமிக்கும் ரெக்கார்டர் பெட்டிக்கு உள்ளே ஒரு நிரந்தர இடம் பிடித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இன்று மூன்றாம் வீட்டில் இருக்கும், நாளை ஐந்தாம் வீட்டில் இருக்கும். பிறகு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, எந்தக் கதவு நம்பருக்கு வருகிறவரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று கட்டங்களில் நிரப்ப வேண்டும். கடைசியாக, அந்த வளவு எந்தத் தெருவில் இருக்கிறது என்ற வெளி விலாசத்தை, அதுவும் ஒரு நீளமான எண்தான், மகனிடம் சொல்ல வேண்டும்.

எங்கள் கூட்டாளி ஒருவர் இதையெல்லாம் ஒரு பல் டாக்டர் வீட்டில் பக்குவமாகச் செய்தார். டாக்டரின் போனை வாங்கி, அந்த வீட்டு வைஃபையிலேயே திறந்து காட்டினார். படம் பளிச்சென்று தெரிந்தது. டாக்டர் சந்தோஷமாகக் குடும்பத்தோடு குற்றாலம் போனார். அருவிக்கரையில் நின்று போனைத் திறந்தால் கறுப்பு. உள்ளே நின்று பார்த்தால் தெரியாமல் என்ன செய்யும்? காவல்காரரைத் தாண்டவே இல்லையே! டாக்டர் ஈரத் துண்டோடு நின்று ஞானையா சாருக்குப் போன் போட்டார். அன்றிலிருந்து சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். வேலையை முடித்துவிட்டோம் என்று நாம் எவ்வளவு அடித்துச் சொன்னாலும், ஸ்வெட்டருக்குள்ளிருந்து மெதுவாக வரும்:

"தெருவுக்கு இறங்கினீங்களா?"

போனில் வைஃபையை அணைத்துவிட்டு, வாசலைத் தாண்டி, அந்த வீட்டு அலை எட்டாத தூரம் வரை நடந்து, வெளியாளாக நின்று பார்க்க வேண்டும். தெரிந்தால்தான் வேலை முடிந்தது. தூத்துக்குடி, காயல்பட்டினம், ஏரல் என்று நான் இறங்காத தெரு இல்லை. ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்து, போனை வெறித்துக்கொண்டே நடந்து, சந்தில் நின்று தலையாட்டிவிட்டு, மறுபடி அதே வீட்டுக்குள் போகிற மனிதனை ஊர் என்ன நினைக்கும்? ஏரலில் ஒரு தெருவில் என்னைப் பிடித்து உட்கார வைத்து, யார் வீட்டுப் பெண்ணுக்குச் செய்தி அனுப்புகிறாய் என்று விசாரித்தார்கள். என் தலைமுடி நரைத்திருந்ததால் தப்பித்தேன்.

இனி புன்னைக்காயலுக்கு வருகிறேன்.

ரோஸ்லின் என்ற பெண்தான் முதலில் கூப்பிட்டது. கணவர் கப்பலில் வேலை. அவள் தன் அப்பா சூசையோடு புன்னைக்காயலில் இருந்தாள். அவள் தம்பி ஜெரால்டு துபாயில் ஏசி மெக்கானிக். அவன்தான் கேமராவும் ரெக்கார்டரும் வாங்கப் பணம் அனுப்பியிருந்தான். நான் போனபோது வீட்டு முன்னால் ஒரு மர ஸ்டாண்டில் படகு இன்ஜின் நின்றது. கரைக்கு வந்ததும் இன்ஜினைக் கழற்றித் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். கடற்கரையில் விட்டு வைப்பதில்லை. இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் எங்களுக்கு முதுகு காட்டி ஒரு பெரியவர் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார்.

"கேமரா எதுக்குய்யா, இன்ஜினுக்கா?" என்று கேட்டேன்.

பெரியவர் திரும்பவில்லை. "இன்ஜினுக்குத்தான். பொறவு எனக்கா? வேம்பாத்துல போன மாசம் இன்ஜின் காணாமப் போச்சுல்லா. அவன் வாங்கிக் குடுத்த இன்ஜின, அவன் பாத்துக்கிடட்டும். என்னைப் பாக்கப்பிடாது."

ரோஸ்லின் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். "தம்பி கடலை விட்டுட்டுத் துபாய் போறேன்னு நின்னப்ப அப்பாவுக்கு ஆத்திரம் சார். போனா இனி என் மொகத்துல முழிக்காதன்னு சொல்லிட்டாரு. அவனும் சரின்னுட்டுப் போய்ட்டான். லீவு கிடைச்சாலும் வர மாட்டேங்கான். அப்பா வான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், மறு பிளைட்ல வாரேங்கான். இவரு சொல்லவா செய்வாரு?"

"சரி, அதுக்கும் கேமராவுக்கும்?"

"முழிக்காதன்னுதான சொன்னாரு. முதுகப் பாக்காதன்னு சொல்லலையே சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. நான் வேலையைப் பார்த்தேன். இன்ஜினும் நாற்காலியும் படத்துக்குள் விழும்படி கேமராவை வாசல் நிலைக்கு மேலே மாட்டினேன். ரெக்கார்டருக்கு இடம் பிடித்தேன், கட்டங்களை நிரப்பினேன். தெருவுக்கு இறங்கினேன். தெரு முனையில் சிலுவை நட்டிருக்கும் குருசடி வரை நடந்தால் அந்த வீட்டு அலை அறுந்துவிடும். அங்கே நின்று பார்த்தேன். இன்ஜின் தெரிந்தது. பெரியவரின் முதுகு தெரிந்தது. வெளி விலாசத்தை ரோஸ்லின் தம்பிக்கு அனுப்பினாள்.

நான் கருவிகளை மடக்கி வைப்பதற்குள் அவள் போனில் அவன் பதில் வந்துவிட்டது. அவள் சத்தமாக, சுவருக்குச் சொல்வது போல வாசித்தாள்: "இன்ஜின் மேல காக்கா எச்சம் கெடக்காம். தொடைக்கச் சொல்லுதான்."

பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இன்ஜினைத் துடைத்தார். எச்சம் இல்லாத இடத்தையும் சேர்த்து நன்றாகத் துடைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஞானையா சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "புன்னைக்காயல்ல இருந்து புகார்" என்று முணுமுணுத்தார். "சொன்னது சொன்னபடி வாசிக்கேன். 'இன்ஜினைப் பார்க்க ஆளில்லை.'" நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதுக்கு என்ன அர்த்தம்?"

"மகனுக்குப் படம் தெரியலைன்னு அர்த்தம் சார்."

"தெருவுக்கு இறங்கினீங்களா?"

"குருசடி வரைக்கும் போனேன் சார்."

போய்ப் பார்த்தேன். உள்ளே எல்லாம் நான் வைத்தது வைத்தபடி இருந்தது. வெளி விலாசம்தான் மாறியிருந்தது. இணைப்பு ஒரு தடவை அறுந்து திரும்ப வந்தால் கம்பெனி புது எண்ணைக் கொடுத்துவிடும். ஆனால் அது லேசில் அறுவதில்லை, மாதக்கணக்கில் நிற்கும். அதனால்தான் நாங்கள் எண்ணையே கொடுத்துவிட்டு வருவது. சரி, ஏதோ ஒரு தடவை என்று புது எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் அதே புகார், அதே வார்த்தை. அதற்கு அடுத்த திங்களும்.

"நீ எத்தனை தடவைம்மா புகார் குடுப்பே? எனக்கு நேராப் போன் பண்ணக் கூடாதா?" என்று ரோஸ்லினிடம் கேட்டேன்.

"நான் ஒரு தடவை கூடக் குடுக்கலையே சார்" என்றாள். "தம்பிதான் குடுத்திருப்பான்."

தம்பியைக் கேட்டால் அவனும் கொடுக்கவில்லை. பெரியவரைக் கேட்கவே தோன்றவில்லை. அவர் பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலை முடிந்துகொண்டிருந்தார்.

ஞானையா சார் மெஷினில் தேடிப் பார்த்துச் சொன்னார். அந்த வீட்டு இணைப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அறுகிறது. ஒவ்வொரு ஞாயிறும் அதே நேரம். அறுந்து, வெகு நேரம் கழித்துத் திரும்புகிறது. நேரத்தைச் சொன்னதும் நான் ரோஸ்லினுக்குப் போன் செய்தேன். "அது பூசைக்கு ரெண்டாம் மணி அடிக்கிற நேரம்லா சார்" என்றாள்.

சார் ஸ்வெட்டரின் மேல் பட்டனைக் கழற்றினார். அவர் தீவிரமாக யோசித்தால் அப்படிச் செய்வார். "கோவில் மணியா? மைக் செட்டா? ரெண்டுல ஒண்ணு நம்ம லைனைக் கெடுக்குது. போய்ப் பாருங்க" என்றார்.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று அது அறிவியலாகத் தெரிந்தது. ஒரு புதன்கிழமை மாதா கோவில் பங்குச் சாமியாரிடம் போய், சோதனைக்காக மணியை ஒரு தடவை அடிக்க முடியுமா என்று கேட்டேன். சாமியார் சின்ன வயதுக்காரர், நல்ல பொறுமைசாலி.

"நேரங்கெட்ட நேரத்துல மணியடிச்சா யாரோ இறந்துட்டாங்கன்னு ஊரே ஓடி வருமேங்க" என்றார். "யாரு செத்தான்னு கேட்டா இன்டர்நெட்டுன்னா சொல்லுறது? வேணும்னா மைக்கைப் போட்டுப் பாருங்க."

மைக்கைப் போட்டார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார். நான் ஓடிப்போய் சூசை வீட்டு ரவுட்டர் விளக்கைப் பார்த்தேன். பச்சையாக எரிந்தது. "இன்னும் கொஞ்சம் சத்தமா!" என்று ரோஸ்லின் மூலம் சொல்லி அனுப்பினேன். "ஒண்ணு! ரெண்டு! மூணு!" என்று ஊர் அதிர்ந்தது. விளக்கு அசையவில்லை. தெருவில் பாதிப் பேர் வெளியே வந்து, எதற்கு மூன்று என்று விசாரித்தார்கள். ஏதோ நிவாரணம் கொடுக்கப் போகிறார்கள், மூன்றாம் தெருவிலிருந்து ஆரம்பம் என்று ஒரு பேச்சு பரவிவிட்டது. சாமியார் அதைச் சரி செய்ய அன்று சாயங்காலம் தனியாக ஓர் அறிவிப்புச் செய்ய வேண்டியதாயிற்று.

வேறு வழியில்லாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே புன்னைக்காயல் போய்விட்டேன். கரையில் படகுகள் வரிசையாகச் சும்மா கிடந்தன. அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. ரோஸ்லின் முன்னாலேயே கோவிலுக்குப் போய்விட்டாள். நான் ரவுட்டர் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தேன். முதல் மணி அடித்தது. விளக்கு பச்சை. பெரியவர் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக உள்ளறையிலிருந்து வந்தார். ரெண்டாம் மணி அடிக்கத் தொடங்கியது. அப்போதுதான் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்க்கிறேன். என்னைக் கடந்து சுவர்ப் பக்கம் போனார். கையைத் தூக்கினார். டொக்கென்று மெயின் சுவிட்சை இறக்கினார்.

விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது.

"ஐயா! என்ன செய்யுதீக?" என்று அலறினேன்.

"பூசைக்குப் போறேன்."

"அதுக்கு எதுக்கு மெயினை எறக்கணும்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னைக்கு ஞாயித்துக்கெழமை வே. கடலுக்கே லீவு. படகு கெடக்கு, வலை கெடக்கு, இன்ஜினு கெடக்கு. கரண்டு மட்டும் என்ன பாவம் செஞ்சுது? பூசை முடியுந்தட்டியும் அதுவும் சும்மா கெடக்கட்டும்."

"ஐயா, நீங்க இதை எறக்குறதாலதான் லைன் அறுந்து, நம்பர் மாறி, உங்க மகனுக்குப் படம் தெரிய மாட்டேங்கு! அவன் கம்பெனியில ஞாயித்துக்கெழமை ஒருநாள்தான் லீவு. உக்காந்து பாக்கக் கூடிய நாளே இதுதான்!"

அவர் கை மெயின் சுவிட்சின் மேலேயே இருந்தது.

"அப்பம் ஞாயித்துக்கெழமதோறும் அவன் பாக்கலையா?" என்றார். "நானும் பாக்கேன், மத்த நாளெல்லாம் இன்ஜினுக்கு அது செய், இது செய்னு பொழுதுக்கும் சொல்லி விடுதான். ஞாயித்துக்கெழமை உக்காந்து உக்காந்து பாக்கேன், ஒரு பேச்சு இல்ல. திங்கக்கெழமை எதுத்த வீட்டுப் போன வாங்கி உங்க ஆபீசுக்குச் சொல்லுதேன். நீரு வந்து என்னத்தையோ தட்டிட்டுப் போறீரு."

மெயினை இறக்குகிறவரும் அவர்; படம் தெரியவில்லை என்று புகார் கொடுப்பவரும் அவர். ஒரு வாரமாகக் கோவில் மணியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம் நாங்கள்.

"அப்படின்னா இனிமே மெயினை எறக்காதீக" என்றேன்.

"அது எப்படி வே எறக்காம இருக்க?" என்றார் ஆச்சரியமாக. "ஞாயித்துக்கெழமைல்லா?" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோவிலுக்கு நடந்தார்.

இருட்டு வீட்டில் விசிறி இல்லாமல் உட்கார்ந்து யோசித்தேன். ஞானையா சாருக்குப் போன் செய்து சொன்னேன். "அவரு பழக்கத்தை மாத்த நமக்கு அதிகாரம் இல்ல. நம்ம பழக்கத்தை மாத்துவோம். எண்ணைக் குடுக்காதீங்க, பேரைக் குடுங்க" என்றார்.

அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. வெளி விலாசத்துக்கு எண்ணுக்குப் பதில் ஒரு பெயரைப் பதிவு செய்துவிட்டால், எண் எத்தனை தடவை மாறினாலும் ரவுட்டரே போய்ப் புது எண்ணை அந்தப் பெயரோடு சேர்த்து எழுதிவிடும். மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். புன்னைக்காயலில் இது புரியாதவர் இருக்க முடியாது. அங்கே அந்தோணியும் சவேரியாரும் வீட்டுக்கு வீடு இருப்பார்கள். பட்டப்பெயரைச் சொன்னால்தான் ஆள் தெரியும். வீடு மாறினாலும் பட்டப்பெயர் கூடவே போகும்.

பூசை முடிந்து அப்பாவும் மகளும் வந்தார்கள். பெரியவர் மெயினைத் தூக்கினார். ரோஸ்லினுக்கு அது வாராவாரம் பார்க்கிற வழக்கம், என்னிடம் சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்கவில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. பெயரைப் பதிந்து, ரவுட்டரில் ஏற்றினேன். ரோஸ்லின் அதைத் தம்பிக்கு அனுப்பிவிட்டு, குழம்பு வைக்கச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். பெரியவர் நாற்காலியில் போய் வழக்கம்போல் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் தெருவுக்கு இறங்கினேன்.

குருசடியில் நின்று, வைஃபையை அணைத்து, பெயரைத் தட்டினேன். படம் வந்தது. இன்ஜின், நாற்காலி, வெள்ளைச் சட்டை முதுகு. வேலை முடிந்தது. போனை மூடியிருக்க வேண்டும். மூடப்போகும்போது முதுகு அசைந்தது.

பெரியவர் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை. எழுந்தார். இன்ஜினை ஏதோ சரி செய்வது போல அதைத் தட்டினார். தட்டிக்கொண்டே நாற்காலியை ஒரு காலால் தள்ளித் திருப்பினார். உட்கார்ந்தார். இப்போது முகம் கேமராவுக்கு நேராக இருந்தது. இரண்டு கையாலும் தலைமுடியைப் படிய வைத்தார். சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். போட்டோ ஸ்டுடியோவில் உட்காருவது போல முதுகை நிமிர்த்தி, நிலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு அவர் வாய் அசைந்தது.

அந்தக் கேமராவுக்குக் காது கிடையாது. படம் மட்டும்தான். குருசடியில் வெயிலில் நின்றுகொண்டு, துபாயில் ஓர் அறையில் ஒருவன் இதே படத்தை இதே நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். அவனுக்கும் எனக்கும் ஒரே நிலைமைதான். வெளியே நின்று பார்க்கிறோம், கேட்கவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்ற வந்த ஒரு பெண், நான் ஏதோ பெரிய வேண்டுதலில் இருக்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி நின்றாள்.

படத்தில் ரோஸ்லின் கையில் போனோடு ஓடி வந்தாள். அவள் வருவதற்குள் நாற்காலி திரும்பிவிட்டது. பழையபடி முதுகு.

நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "தம்பி கேக்கான்ப்பா. நீங்க என்னமோ சொன்னீங்களாம்லா. என்ன சொன்னீங்கன்னு கேக்கான்."

"நான் என்னத்தச் சொன்னேன்? இன்ஜின்ட்ட பேசிக்கிட்டு இருந்தேன்."

"இன்ஜின்ட்டயா?"

"ஏளா, கொழம்பு தீயுது பாரு. போ."

அவள் போனதும் பெரியவர் திரும்பாமலே என்னைக் கேட்டார். "தெரிஞ்சுதா போன்காரரே?"

"தெரிஞ்சுதுய்யா."

"என்ன தெரிஞ்சுது?"

நான் கருவிப்பையை மூடினேன். "இன்ஜின்தான்யா. இன்ஜின் நல்லாத் தெரிஞ்சுது."

அவர் தலையை ஆட்டினார். நான் வெளியே வந்து வண்டியைக் கிளப்பப் போகும்போது பின்னாலேயே வந்துவிட்டார். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, குரலைத் தணித்து, ஞானையா சார் பேசுவது போலப் பேசினார்.

"அந்தப் பொட்டி பாக்க மட்டுந்தான் செய்யுமா? கேக்காதோ?"

"இது கேக்காதுய்யா. கேக்கிற கேமரா தனியா இருக்கு. அதை மாட்டினா இங்கன பேசுறது அங்கன கேக்கும்."

பெரியவர் தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அப்பம் அதையே கொண்டாந்து மாட்டும். வாங்கிக் குடுத்தவன்லா? இன்ஜின் சத்தம் சரியா இருக்கான்னு அவனும் கேக்கணும்."

திங்கட்கிழமை சார் அறையில் போய் நின்றேன். தெருவுக்கு இறங்கினீர்களா என்று அவர் கேட்டார். இறங்கினேன் என்றேன். என்ன தெரிந்தது என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் குளிரில் நின்றுகொண்டு ஒன்று விடாமல். கேட்டு முடித்ததும் சார் எழுந்தார். காது உள்ள கேமரா ஒன்றை அலமாரியிலிருந்து தாமே எடுத்து என் கையில் கொடுத்தார்.

அதை மாட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். நான் போய்ச் சேரவும் ரெண்டாம் மணி அடித்து ஓயவும் சரியாக இருந்தது. வீடு பூட்டியிருந்தது, கேமராவில் விளக்கு இல்லை; மெயினை இறக்கிவிட்டுத்தான் போயிருந்தார். வாசலில் இன்ஜின் பக்கத்தில் நாற்காலி, கேமராவைப் பார்த்தபடி திருப்பிப் போட்டுக் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. படியில் உட்கார்ந்து, பூசை முடியட்டும் என்று காத்திருந்தேன்.